திரைக்குள்ளே நிற்பவள் யாருடைய ஆள்?

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, இன்னைக்கு நான் கவிதை வாசிக்கப் போவதில்லை. அரசு ஆஸ்பத்திரி மகளிர் ஓ.பி.யில் ஒரு துணித்திரை தொங்குமே, அதுக்குள்ளே நடக்கிறதைப் பற்றிப் பேசணும். 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஆண் தோழர்கள் யாரும் எழுந்து டீ குடிக்கப் போயிட வேண்டாம்.

சேரியிலிருந்து போகிறவளிடம் மருத்துவரின் கை இரண்டு விதமாக வந்திருக்கிறது. நாடி பிடிக்கவே கூசுகிற கை ஒன்று. ஒரு வார்த்தை கேட்காமல் பிறப்புறுப்பைச் சோதிக்கிற கை இன்னொன்று. மருத்துவக் கல்லூரி என்றால் மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். காசு கட்டிப் படுக்கிற அறைக்குள் அப்படிக் கூட்டமாக நுழைய முடியுமா?

விதி இல்லாமல் இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் சோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்புகிற ஒருவரோ கூட இருக்க வேண்டும். அவர்கள் வர முடியாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கிற ஒரு பெண். 'குழந்தை நம்புகிற' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க. வளர்ந்த பெண்களுக்கும் உண்டு: 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைப் பட்டியல், ஆண் மருத்துவர் சோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்கிறது.

சரி, யார் அந்தப் பெண்? பல இடங்களில் ஆயாம்மா. ஒப்பந்தக் கூலி. நம்ம தெருக்காரியாகவே இருப்பாள். 'போய் சீட்டு எடுத்துட்டு வா' என்று டாக்டர் சொன்னால் போய்த்தான் ஆகணும். பார்த்ததைச் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை.

நான் வேலை பார்க்கிறது பேங்கில். ரொக்கப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். மேனேஜரே வந்து நின்றாலும் இரண்டாவது ஆள் வராமல் கதவு திறக்காது. கணக்கு இடித்தால் அவர் கையெழுத்துப் போட மறுக்கலாம். காகிதத்துக்கு இவ்வளவு காவல்!

ஆள் நின்றால் போதுமா? பாலியல் வன்முறைக்கு ஆளானவள் மேல் நடத்தப்பட்ட இருவிரல் சோதனை, அது அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்சநீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022இல், இனி செய்கிறவர் நடத்தைக் குற்றவாளி என்றது. அதுவரை அந்த அறைகளில் நர்ஸ் யாருமே நிற்கவில்லையா என்ன?

இங்கிலாந்தில் நோயாளிகளிடம் அத்துமீறிய கிளிஃபோர்ட் எய்லிங் என்ற மருத்துவர் 2000இல் தண்டிக்கப்பட்டார். அதை விசாரித்து 2004இல் வந்த அறிக்கை, துணை நிற்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கணும், குடும்பத்தார் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டக்கூடாது என்றது. நமக்கும் பொருந்தும். மாமியாரை உள்ளே நிறுத்தினால், பழைய கருக்கலைப்பைப் பற்றி மருமகள் வாய் திறப்பாளா? 'எனக்குத் துணை வேண்டாம்' என்று சொல்லவும் அவளுக்கு இடம் வேணும்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். என்ன சோதனை, எதற்கு என்று தமிழில் சொல்லி அவள் சம்மதம் வாங்கணும். மாணவர்கள் நிற்கவும் அவளைக் கேட்கணும். உடன் நிற்பவள் நிரந்தர ஊழியராக, 'நிறுத்துங்க' என்று சொல்ல அதிகாரம் உள்ளவளாக இருக்கணும். அவள் பெயர் கேஸ் ஷீட்டில் ஏறணும். இங்கே மருத்துவம் படிக்கிற தோழர்கள் நாலைந்து பேர் இருக்கீங்க. நாளைக்கு வார்டுக்குப் போகும்போது அந்த ஷீட்டைப் புரட்டி, அந்தப் பெயர் எழுத ஒரு கட்டமாவது இருக்கா என்று பார்த்துட்டு வந்து சொல்லுங்க.