கடலின் நேரமும் தடுப்பூசி நேரமும்
(காந்திகிராமத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947இல் தொடங்கிய பணியால் கிராம சுகாதாரம் என்ற சொல்லுக்கே பொருள் சொன்ன ஊர் இது. இங்கே நின்று பாம்பன் தீவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மல்லிகை நாற்று வாங்கத் தங்கச்சிமடம் போய்வந்தவர்கள் உங்களில் இருக்கலாம். அந்தத் தீவில்தான், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு தடுப்பூசிக் குழுவோடு தங்கிப் பணிசெய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஊசி போடுவது செவிலியர் வேலை. அட்டை எழுதுவதும், காத்திருப்போரோடு பேசுவதும், வராத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போவதும் என் வேலை.

அங்கே நாட்காட்டியைக் கடல்தான் எழுதுகிறது. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். வாடைக்காற்று வீசினால் வடகடல் கொந்தளிக்கும். பல குடும்பங்கள் தென்கடல் பக்கம் குடிசை மாற்றிக்கொள்ளும். அட்டையில் எழுதிய விலாசத்துக்குப் போனால் வெறும் மணல்தான் இருக்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியிலும் மீனவர்கள் வாழ்ந்தார்கள். 2017இல்தான் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. நாங்கள் போன காலத்தில் மணலிலும் தண்ணீரிலும்தான் வழி. பெண்கள் மணலைத் தோண்டி, ஊற்றில் சுரக்கும் நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாக மொண்டு குடம் நிரப்புவார்கள். அந்தத் தண்ணீரில் எங்களுக்கும் ஒரு டம்ளர் தராமல் அனுப்பமாட்டார்கள்.

மருந்துப் பெட்டியை அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஐஸ் இல்லாவிட்டால் மீன் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியுமே! ஒரு நாள் படகோட்டி ஒருவர், "சிஸ்டர், ஐஸ் கரைஞ்சிருந்தா சொல்லுங்க, மீன் ஐஸ் ஒரு கூடை தர்றேன்" என்றார். எங்கள் செவிலியர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, மீனுக்கு எவ்வளவு குளிர் வச்சாலும் நல்லதுதான். இந்த முத்தடுப்பு மருந்து உறைஞ்சு போனா அதோட கெட்டுச்சு" என்றார். போலியோ சொட்டு மருந்து வெப்பத்தில் கெடும். முத்தடுப்பு மருந்து உறைந்தால் கெடும். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இரண்டையும் காப்பாற்றி, வெயிலில் மைல் கணக்காகச் சுமக்க வேண்டும்.

ஆனால் மருந்தைக் காப்பதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருந்தது. அந்நாளில் முத்தடுப்பு ஊசி ஒன்றரை மாதத்தில் ஒன்று, இரண்டரை மாதத்தில் ஒன்று, மூன்றரை மாதத்தில் ஒன்று. முதல் ஊசிக்கு எல்லாரும் வருவார்கள். இரண்டாவதற்குப் பாதி இடம் காலியாக இருக்கும். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு தாயிடம் காரணம் கேட்டேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கிற வேலை அவர்களுடையது. "ஊசி போட்டா ராத்திரி காய்ச்சல் வருது ஐயா. பிள்ளையை விட்டுட்டு விடியக்காலம் பாசிக்கு எப்படிப் போறது? போகலைன்னா அன்னிக்கு உலை ஏது?" என்றார்.

அது அறியாமை அல்ல, நண்பர்களே. அது ஒரு நாள் கூலியின் கணக்கு. அவர்களிடமே நாள் கேட்டோம். மறுநாள் கடலுக்குப் போகாத மாலையில் ஊசி என்று முடிவாயிற்று. காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லி, மாத்திரையும் கையில் கொடுத்தனுப்பினோம். அந்தத் தாய் அடுத்த முறை வந்தார். பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்து வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, படகு லைசென்சோடு வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

1995 டிசம்பரில் நாடு முழுவதும் ஒரே நாளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று நம் பகுதி போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த வெற்றியில், திரும்பத் திரும்பப் பிள்ளையைத் தூக்கி வந்த கோடிக்கணக்கான தாய்மாரின் பங்கு பெரிது.

நம் பக்கத்தில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் தாய்மார் உண்டு. ஷிப்டுக்கு மில்லுக்குப் போகும் தாய்மார் உண்டு. ஒருத்தி தவணைக்கு வரவில்லையென்றால், "ஏன் வரவில்லை?" என்று கடிந்துகொள்ளுமுன், "எந்த நேரம் உனக்குச் சரிப்படும், அம்மா?" என்று கேட்போம். முதல் ஊசிக்கு அழைப்பு போதும். இரண்டாவது ஊசிக்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரராக ஆண்டவர் நம்மை நடத்துவாராக.