ஜான் ஒகாடா: ஒரே நாவலின் ஆசிரியர்

அமெரிக்க நாவலாசிரியருள் அதிகம் அறியப்படாத ஜான் ஒகாடா, ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1923-இல் சியாட்டில் நகரில் பிறந்தவர். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பின், 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டபோது, அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், ஒகாடாவின் குடும்பத்துக்கும் விலக்கு கிடைக்கவில்லை.

மறு ஆண்டு முகாம்களில் வழங்கப்பட்ட வினாப்படிவத்தின் 27-ஆம் கேள்வி படையில் சேரும் விருப்பத்தையும், 28-ஆம் கேள்வி அமெரிக்காவின்மீதான பற்றுறுதியையும் வினவின. இரண்டுக்கும் மறுப்புரைத்தோர் 'நோ-நோ பாய்' எனப்பட்டனர். படையில் சேர மறுத்துச் சிறை சென்றோரையும் அப்பெயர் தொற்றிக்கொண்டது. 1957-இல் வெளியான ஒகாடாவின் ஒரே நாவலின் தலைப்பும் அதுவே.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஒகாடா அமெரிக்க வான்படையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். எனினும் தம் நாவலின் நாயகனாக, படையில் சேர மறுத்து இரண்டாண்டு சிறையிலிருந்து மீளும் இச்சிரோவைப் படைத்தார். ஊரார் இச்சிரோவை வெறுக்கின்றனர்; தாயோ ஜப்பான் போரில் வென்றுவிட்டதாகவே நம்பி, உண்மையை ஏற்க மறுக்கிறாள். அவனுக்கு எதிர்நிலையில் நிற்பவன் கென்ஜி: பதக்கம் பெற்ற வீரனாயினும், போரில் இழந்த காலின் எஞ்சிய பகுதி அழுகிக்கொண்டே வர, அறுவைக்கு மேல் அறுவை செய்தும் பிழைக்க வழியற்றவன். ஒருவர் வாழ்வை மற்றவர் ஏற்க இயலுமா என இவ்விருவரும் உரையாடும் பகுதியே நாவலின் உயிர்நிலை. நாட்டுக்குக் கீழ்ப்படிந்தவனும் மறுத்தவனும் ஒரே அநீதியின் காயத்தைச் சுமப்பதை, எப்பக்கமும் சாயாமல் ஆசிரியர் அங்கே காட்டிவிடுகிறார்.

போர்த்துயரை மறக்க விரும்பிய சமூகம் அந்நூலை வரவேற்காததால், அச்சிட்ட 1,500 படிகளும் அவர் வாழ்நாளில் விற்றுத் தீரவில்லை. நூலகராகவும் தொழில்நுட்ப எழுத்தாளராகவும் உழைத்த ஒகாடா 1971-இல் 47-ஆம் வயதில் காலமானார். முதல் தலைமுறைக் குடியேறிகளைப் பற்றிய அவரது இரண்டாம் கைப்பிரதியை மனைவி எரித்துவிட்டார். ஃபிராங்க் சின், ஷான் வாங் முதலிய இளம் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களின் முயற்சியால் 1976-இல் மறுபதிப்புக் கண்ட நாவல், இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாகப் பயிலப்படுகிறது. எஞ்சிய இவ்வொரு நூலையேனும் நேயர்கள் தேடிப் படித்து, இச்சிரோவும் கென்ஜியும் பேசும் பக்கங்களில் சற்றே நின்று வாசிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் விருப்பம்.