பட்டறைக்கு அனுப்பும் முன்

 

 க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் நம் வீடுகள் சிலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது. "இவனுக்குப் படிப்பு ஏறாது; எங்காவது ஒரு பட்டறையில் விட்டுவிடுவோம்" என்கிறார் வாப்பா. அந்த "விட்டுவிடுவோம்" என்னும் சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் பட்டறை புதியதன்று. தையலும் இரும்பு வியாபாரமும் சோனகத்தெருவில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குச் சோறு போட்ட தொழில்கள். மகன் தந்தையிடம் கற்றான். மருமகன் மாமாவிடம் கற்றான். அதில் எழுதிக்கொள்ள என்ன இருந்தது? 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் நாம் வெளியேற்றப்பட்டபோது வீடும் கடையும் மட்டும் போகவில்லை. கற்பித்தவரும் கற்றவரும் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினர். மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று முன்பின் அறியாதவரிடம் தொழில் பழகுகின்றனர். உறவு இருந்த இடத்தில் இப்போது உடன்பாடு இருக்க வேண்டும்.

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்களோ ஊரைவிட்டு ஓடிவந்த, கையில் ஒன்றுமில்லாத இளைஞர். ஆயினும் அப்பெரியவர் காலத்தை முதலிலேயே சொன்னார்: எட்டு ஆண்டுகள், பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம். பிரதிபலன் இன்னதென்பதும் வெளிப்படையாகப் பேசப்பட்டது. திருமறையின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே. பிள்ளையின் இளமைக் காலத்தில் நான்கைந்து ஆண்டுகளை ஒருவர் கையில் கொடுப்பது பணக் கடனைவிடச் சிறியதா?

நம் நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. 1971இல் பயிலுனர் சபையாகத் தொடங்கிய நிறுவனமே, 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஆயிற்று. 'நைட்டா' என்றால் பலருக்கும் தெரியும். அதன் ஊடாகப் பிள்ளை ஒரு தொழிற்சாலையிலோ பட்டறையிலோ பயிலுனராகச் சேரலாம். இயந்திரமும் கற்பிப்பவரும் தொழில்தருநருடையவை. தேர்ச்சி பெற்றால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. கிடைக்கும். அத்தகைமையில் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். சாதாரண தரத்தில் தவறியவனுக்கும் இந்த ஏணி எட்டாததன்று.

முதலாளி ஏன் இதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்பீர்கள். 1958இல் பஸ் சேவை தேசியமயமானபோது, இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வண்டிகளைப் பழுதுபார்க்கும் கைகள் வேண்டியிருந்தன. அதற்காக 1959இல் ஜேர்மன் உதவியுடன் பயிற்சிக்கூடம் ஒன்று எழுந்தது; அதுவே பின்னர் மொறட்டுவையில் இயங்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம். தேவை இருந்தவரே கற்பித்தார். அதில் தருமம் ஏதுமில்லை. ஜேர்மன் உதவியுடனான இன்னொரு நிறுவகம் 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்டது. அதற்காக நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

ஆகவே தாய்மாரே, தந்தையரே! பிள்ளையைக் கூட்டிச் செல்லும் நாளில் கேளுங்கள். கொடுப்பனவு எவ்வளவு? பயிற்சிக்காலம் எப்போது முடியும்? கையில் காயம் பட்டால் பொறுப்பு யாருடையது? லேத் இயந்திரத்தில் கை வைக்க விடுவார்களா, அல்லது தேநீர் வாங்கவும் கூட்டிப் பெருக்கவும் மட்டுமா? கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மவர் வெட்கப்படுகிறார்கள். அதையே முதலில் கேட்க வேண்டும். மகளைக் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவதெனில் போக்குவரத்தையும் வேலை நேரத்தையும் நேரில் சென்று விசாரியுங்கள். கேள்விப்பட்டதைக் கொண்டு மறுத்துவிடாதீர்கள்.

இளைஞரே, உடன்பாடு உங்களையும் கட்டும். ஆறு மாதத்தில் வெல்டிங் பிடிபட்டதும், அடுத்த தெருவில் ஐந்நூறு ரூபா கூடுதலாகத் தருகிறார்கள் என்று சொல்லாமல் ஓடுவது வாக்குமீறல். உங்களுக்குப் பின் வரும் தம்பிக்கும் அந்தக் கதவு மூடப்படும்.

ஏழெட்டு வருடம் பட்டறையில் நின்றும் கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். முன்பு கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை உண்டு. செய்த வேலைகளின் படங்களைச் சேர்த்து வையுங்கள். வேலை செய்த இடத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் முதலாளி இன்னும் அந்தக் கடையில் இருக்கும்போதே கேளுங்கள்.