மூளைக் காய்ச்சலும் பேயும்



பிள்ளைக்கு ஜுரம் கண்டு, கழுத்து விறைத்து, கண் செருகி, வாய் பிதற்றினால் நம்மில் சிலர் இன்னும் என்ன செய்கின்றார்கள்? பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறவனைத் தேடுகின்றார்கள். பிள்ளை இறந்தால் தலைவிதி என்கின்றார்கள். பிடித்தது பேயுமல்ல, விதியுமல்ல. பெரும்பாலும் மூளையை மூடியுள்ள சவ்வில் புகுந்த கிருமியேயாகும். இதையே டாக்டர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள்.

கிருமி மாத்திரமே கொல்லுகின்றதா என்றால், இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். கிருமி புகுந்தவுடன் நம் உடம்பின் காவல் அணுக்கள் டி.என்.எப்., இன்டர்லூகின்-1 முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. இவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். திருடன் வந்தால் கூச்சலிட்டு ஊரைத் திரட்டுவது போன்றதே இவற்றின் வேலை. கூச்சல் இல்லாவிட்டால் ஆள் வராது. ஆனால், கூச்சல் மிஞ்சினாலோ, இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பு திறந்துவிடுகின்றது, வெள்ளணுக்களும் நீரும் உள்ளே பாய்கின்றன, மூளை வீங்குகின்றது. மண்டையோடு விரிந்து கொடுக்குமா? கொடுக்காது. அழுத்தம் ஏறி உயிர் போகின்றது. பிழைத்தவர்களிலும் சிலர் செவிடாகின்றார்கள். மருந்தால் செத்த கிருமியின் துண்டுகளும் இக்கூச்சலை அதிகப்படுத்துகின்றன.

உடம்பை எல்லாம் வல்ல ஒருவர் அளவறிந்து படைத்தார் என்பவர்களைக் கேட்கின்றோம்: காவற்காரனே வீட்டை இடிக்கும்படி ஏன் படைத்தார்?

அக்கூச்சலை அடக்க மனிதன் டெக்சாமெதசோன் என்னும் மருந்தைச் சோதித்தான். 2002இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில் 301 பெரியவர்களை இரு பிரிவாக்கி, கிருமிக்கொல்லி மருந்துக்குச் சற்று முன்போ அதனுடனோ ஒரு பிரிவுக்கு இதையும், மறு பிரிவுக்கு வெற்று மருந்தையும் கொடுத்தார்கள். வெற்று மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 15 பேர் இறந்தார்கள். மற்றதில் 7 பேரே. அதே ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் சுமார் 600 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பயனில்லை. இரு பிரிவிலும் நூற்றுக்கு 31 குழந்தைகள் இறந்தன. இத்தோல்வியை மறைத்தார்களா? அச்சிட்டு உலகுக்குக் கொடுத்தார்கள். தன் மந்திரம் பலிக்காத கணக்கை எந்தப் பூசாரியாவது வெளியிட்டதுண்டா?

இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குச் சமானம். விபூதிக்காகக் காத்திருந்த நேரம் திரும்பி வராது. ஆதலால் ஜுரமும் கழுத்து விறைப்பும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். இதையும் நாம் சொல்லுவதால் நம்ப வேண்டாம்; யோசித்துச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கூறி முடித்துக் கொள்ளுகின்றோம்.