ரசீது எங்கே?

(காஞ்சிபுரம் மாவட்டத்தில் குடிமக்கள் நுகர்வோர் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை ஆறு மணிக்கு முன்னால் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்று பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் அதில் ஏறுகிறவர்கள் நம் பிள்ளைகளின் அக்கா, அண்ணன், அம்மா, அப்பா. நம் முன்னாள் மாணவர்களும் உண்டு. கார், மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, செல்போன் என்று நாடு வாங்குகிற பாதிப் பொருள்களை இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் செய்கிறார்கள். நுகர்வோர் கல்வி பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் வாங்குகிறவன் இல்லை. புதிதாக வந்த பொருளை முதல் வருடம் வேடிக்கை மட்டும் பார்ப்பேன். "சாருக்கு யாரும் எதையும் விற்க முடியாது" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார், அது இங்கே வேண்டாம். கஞ்சத்தனம் வேறு, கேள்வி கேட்பது வேறு. எங்கள் மன்றத்தில் அந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஒரு சின்ன வேலை செய்கிறோம். வீட்டில் இருக்கும் காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வேன். அதில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள். அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, புகார் சொல்ல வேண்டிய எண். இவை சட்டப்படி இருந்தாக வேண்டியவை.

ஒரு நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒரு செல்போன் பெட்டியைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டு, "சார், இந்த மாதிரி ஸ்டிக்கர் எங்க அக்கா ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில ஒட்டுறாங்க. ஆனா அவங்க செல்போனைத் தவணையிலதான் வாங்கினாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம், தனியாக வாங்கியதாம். 2020 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனம் தன் புதிய செல்போனோடு சார்ஜர் கொடுப்பதை நிறுத்தியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற என்றார்கள். அடுத்தடுத்துப் பலர் அதையே செய்தார்கள். பெட்டி மெலிந்தது, விலை மெலியவில்லை. இதில் வேடிக்கை, சார்ஜர் செய்கிற பெரிய ஆலைகளில் ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. சால்காம்ப் நிறுவனம் 2019-ல் வாங்கிய வளாகம் அது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது நோக்கியா.

நோக்கியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளம் ஆசிரியர்களுக்கு அது பழைய கதை.

2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம். 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலம், சுமார் 210 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை, வரிச் சலுகைகள். உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் செய்து கொடுத்த ஆலைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு. பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அந்த நாளில் நாமே பிள்ளைகளை அனுப்பி வைத்தோம். நானும்தான். அனுப்பியதில் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், வீட்டுக்குக் கூரை மாறியது. சொந்தமாக ஒரு வண்டி வாங்கிய முதல் பெண் என்று சில தெருக்களில் பேர் எடுத்தார்கள்.

பிறகு 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகைக்கு வரி பிடித்தம் செய்யவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது துறை. மாநில விற்பனை வரி வழக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது. சொத்து முடக்கம், நீதிமன்றம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் வணிகத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டது. கொஞ்ச நாள் வெளியிலிருந்து வேலை கொடுத்தார்கள். அதுவும் நின்று, 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. வரி வழக்கு 2018-ல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். கம்பெனிக்கும் அரசுக்கும் கணக்கு நேராகிவிட்டது.

தொழிலாளிக்கு? மூடுவதற்கு முந்தைய மாதங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். விருப்ப ஓய்வு என்றால் நமக்கு நினைவு வருவது நரைத்த தலை, வழியனுப்பு விழா, சந்தன மாலை. இங்கே ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு வயது இருபத்தைந்துகூட இல்லை. எட்டு வருடம் ஒரே மாதிரி வேலையைச் செய்த கை. அந்த வேலையை வெளியே எங்கே காட்டுவது?

எங்கள் வீட்டில் அந்தக் காலத்து நோக்கியா ஒன்று இன்னும் இருக்கிறது. மின்சாரம் போனால் என் அம்மா அதன் டார்ச்சைத்தான் தேடுவார். பின்மூடியைக் கழற்றினால், பேட்டரிக்கு அடியில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற வரி தெரியும். அந்தப் பொருளுக்கு ஒரு வருட உத்தரவாதம்தான் எழுத்தில் கொடுத்தார்கள். அதைச் செய்த ஆலையையும் தாண்டி அது உழைக்கிறது. ஆலைக்கு என்ன உத்தரவாதம் கொடுத்தார்கள் என்று அப்போது நாம் யாரும் கேட்கவில்லை. இத்தனை ஏக்கர், இத்தனை சலுகை, பதிலுக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு வேலை, முன்கூட்டிப் போனால் என்ன இழப்பீடு? ஒப்பந்தத்தின் பல விவரங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிலர் மனுப் போட்டுக் கேட்ட பிறகே பொதுவெளிக்கு வந்தன. ஆயிரம் ரூபாய் மிக்சிக்கு ரசீது கேட்டு வாங்குகிற நாம், ஊர் நிலத்துக்கு ரசீது கேட்கவில்லை.

'அது அரசியல் சார், நுகர்வோர் மன்றத்துக்கு எதற்கு' என்று யாராவது நினைக்கலாம். 2020-ல் மத்திய அரசு செல்போன் உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. கூடுதலாக விற்கிற தொகையில் 4 முதல் 6 சதவீதம், ஐந்து ஆண்டுக்கு. அது வரிப்பணம். செல்போனே வாங்காத என் அம்மாவும் தீப்பெட்டி வாங்கும்போது அதில் பங்கு செலுத்தியவர்தான். பணம் கொடுத்தவர் வாங்கியவர். வாங்கியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. இவ்வளவுதான் என் அரசியல். திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வந்திருக்கிறது, கண்ணெதிரே தெரிகிறது.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. தங்குமிடமும் உணவுக்கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் திரையைத் திருப்பி அனுப்புகிற தரச் சோதனை, தட்டில் விழுகிற சோற்றுக்கு மட்டும் ஏன் சாலை மறியலுக்குப் பிறகு வந்தது? 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, சங்கத்தைப் பதிவு செய்து ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்பது. 2025 ஜனவரியில் கிடைத்தது. ஒரு தாள்தான்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். உதிரிபாக ஆலையில் ஒப்பந்த வேலை, வாரம் ஒரு ஷிப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் டேப்லெட்டோடு வந்திருக்கிறார். பையனிடம் பத்துக் கணக்குக் கேட்டிருக்கிறார். "அடிப்படையே இல்லம்மா, இப்பவே பாக்கலேன்னா பிளஸ் டூவுல கைவிட்டுடுவான்" என்றிருக்கிறார். மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும், பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளில் திருப்பிவிடலாம் என்று வாய் வார்த்தை. செல்போனில் வந்த ஓ.டி.பி. எண்ணை அம்மா சொல்லியிருக்கிறார். அது பாடத்துக்கான கட்டணம் இல்லை, ஒரு நிதி நிறுவனத்தில் தன் பெயரில் எடுத்த கடன் என்பது இரண்டாவது தவணை வங்கியிலிருந்து தானாகப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

"ரசீது எங்கேம்மா?" என்றேன். செல்போனைத் திறந்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். அவ்வளவுதான் இருந்தது.

இதுபோன்ற தானியங்கிப் பிடித்தம், தெரியாமல் ஏறுகிற கடன் இவற்றைப் பற்றி மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர் 23 அன்றே பெற்றோருக்கு எச்சரிக்கை அறிவுரை வெளியிட்டிருந்தது. அது நம் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைக்கு வந்ததா என்றால், எங்கள் பலகைக்கு வரவில்லை. மன்றப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே நடவடிக்கை எடுத்தோம். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை நிறுத்த வங்கிக்குக் கடிதம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், கம்பெனிக்குப் பதிவுத் தபால். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தால் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இதைப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். ஏழு மாதம் கழித்துக் கடன் ரத்தானது. கட்டிய தவணை திரும்பவில்லை. டேப்லெட் அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

நான் அந்த அம்மாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். முன்பின் தெரியாதவரிடம் எப்படி அந்த எண்ணைச் சொன்னீர்கள் என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. "அவரு ஒரு மணி நேரம் உக்காந்து எம்புள்ள கணக்கைப் பத்திப் பேசினாரு சார். அதுவரைக்கும் அப்படி யாரும் பேசல."

பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்ததில்லை. கூட்டம் நடக்கிற நேரம் அவர் ஷிப்டில் இருக்கிற நேரம். நாம் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டோம். விற்பனையாளர் ஞாயிற்றுக்கிழமை போனார். இந்த ஆண்டிலிருந்து எங்கள் பள்ளியில் மாதத்துக்கு ஒரு கூட்டத்தை ஞாயிறு காலை வைக்கிறோம். ஆசிரியர்களுக்கு அது சுமைதான், முணுமுணுப்பும் இருக்கிறது. ஆனால் அந்தப் பையனின் அம்மா இரண்டு முறை வந்துவிட்டார்.

பள்ளிக்குள் வருகிற கருவிகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2011-லிருந்து மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி கொடுத்த மாநிலம் நம்முடையது. கொரோனா காலத்தில் அண்ணனின் பழைய மடிக்கணினியில் பாடம் கேட்ட தம்பிகளை எனக்குத் தெரியும். பேட்டரி செத்த பிறகு புத்தக மேசையாக மாறிய மடிக்கணினியையும் தெரியும். இப்போது திறன்மிகு வகுப்பறை வருகிறது, நல்லது. ஆனால் பெட்டி பிரிக்கும் நாளில் புகைப்படம் எடுத்துக்கொள்கிற நாம், பழுது பார்ப்பவர் யார், எத்தனை நாளில் வருவார், மூன்றாவது வருடம் பல்பு போனால் எந்தத் தலைப்பில் செலவு என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். எங்கள் இருப்புப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிற சில கணினித் திரைகள் உண்மையில் இறந்து பல ஆண்டு ஆகிறது. கழிவு செய்யும் கோப்பு நகரும்வரை அவற்றின் மேல் தூசு தட்டுவதும் ஆய்வகப் பணிதான்.

சார்ஜர் பெட்டி கொண்டுவந்த அந்த மாணவி இப்போது பிளஸ் டூ. படிப்பு முடிந்ததும் அக்கா வேலை பார்க்கிற இடத்திலேயே சேரப் போகிறாளாம். மன்றத்தில் இப்போது பெட்டிகளோடு வேலை நியமனக் கடிதங்களையும் உரக்கப் படிக்கிறோம். நிரந்தரமா, பயிற்சியாளரா, ஒப்பந்தமா, யாருடைய பெயரில் சம்பளம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, விடுதிக்கு எவ்வளவு பிடித்தம். அக்காவின் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். போன வாரம் வெறுங்கையோடு வந்தாள். கடிதம் தாளாக வரவில்லையாம், செல்போனில் ஒரு படமாக வந்ததாம். அந்தச் செல்போன் இப்போது அக்காவிடம் இல்லை.