பந்தல் போட மட்டுமா இளைஞர்?

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தப் பந்தலையும் தோரணத்தையும் இரவு இரண்டு மணி வரை கண்விழித்துக் கட்டியவர்கள் நம் இளைஞர்கள். நன்றி கூறும்போது அவர்கள் பெயர் கடைசியில்தான் வரும். வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் கூட்டத்திற்கோ அவர்களை அழைப்பதே இல்லை. இதைக் குற்றச்சாட்டாக அல்ல, என் பாவசங்கீர்த்தனமாகவே சொல்லுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கு பிள்ளைகள் வந்து, "சாமி, பங்குப் பேரவையில் எங்களுக்கும் இடம் வேண்டும்" என்றார்கள். "முதலில் படிப்பை முடியுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். இருவர் படிப்பை முடித்தார்கள். இன்று துபாயில் இருக்கிறார்கள்.

நம் புதுவை மண்ணின் வாலிபர் இப்படிக் காத்திருந்தவர்கள் அல்லர். 1911-இல் பிறந்த வ. சுப்பையா 'சுதந்திரம்' ஏட்டைத் தொடங்கியது 1934-இல், 23 வயதில். 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த இரத்தத்தின் பின்னேதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அவர் பொதுவுடைமைக்காரர் ஆயிற்றே, குருவானவர் புகழலாமா என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்குவது தெரிகிறது. இருக்கட்டும். பெல்ஜியத்தில் கர்தைன் சுவாமியார் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியதும் இதே ஆலைப் பிள்ளைகளை நினைத்துத்தான். பார், தீர்மானி, செயல்படு என்பதே அவர் கற்பித்த முறை. நாமோ நடுவிலுள்ள தீர்மானத்தை நம்மிடம் வைத்துக்கொண்டு, செயல்பட மட்டும் அவர்களை அழைக்கிறோம்.

நம் ஆட்சிப்பரப்பு சிறியது. ஆனால் இதில்தான் எத்தனை வகை மக்கள்! புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ், மாஹே மலையாளம், ஏனாம் தெலுங்கு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இத்தனை பேரும் கூடி வாழ, ஒருவர் குறையை மற்றவர் உட்கார்ந்து கேட்கும் இடம் ஊர் மன்றம்தான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். அவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினரும் நகராட்சி உறுப்பினரும்தாம். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது.

அப்படி நாட்டையே தேர்ந்துகொண்ட உள்ளாட்சிக்கு 1968-க்குப் பின் தேர்தல் நடந்தது 2006-இல். முப்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. பிறகும் பத்தாண்டுக்கு மேல் தேர்தலின்றியே கழிந்தது. என் வாலிப நாளில், 1989-இல், வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆயிற்று. பஞ்சாயத்துக்கு நிற்க 21 வயது போதும் என்கிறது அரசியல் சட்டம். 2011-இல் பத்து வயதாயிருந்த பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியும், நிற்பதற்கு ஒரு மன்றத்தைக் காணவில்லை.

சாக்கடை அடைத்தால் மனு, தெருவிளக்கு எரியாவிட்டால் மனு. மனுக் கொடுப்பது வேறு, தீர்மானிப்பது வேறு அல்லவா? தீர்மானித்துப் பழகாத பிள்ளையின் கையில் எவரும் எந்தக் கொடியையும் எளிதில் கொடுத்துவிடலாம். ஒரு பிரியாணிப் பொட்டலம் போதும். சாதியின் பெயரால் அழைப்பவனுக்கும் அவனே எளிதில் கிடைக்கிறான். ஒரே பங்கில் தெருவுக்கொரு இளைஞர் குழு வைத்திருக்கிறோமே, எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அரசு தேர்தல் வைக்கும்போது வைக்கட்டும். நம் வீட்டில் இன்றே தொடங்கலாம். அடுத்த பங்குப் பேரவையில் முப்பது வயதுக்குட்பட்ட நால்வர் இருப்பார்கள், இருவர் பெண்கள், நால்வரும் நான்கு தெருவினர். கணக்குப் புத்தகம் அவர்கள் கைக்கும் போகும். தவறு செய்வார்கள் என்கிறீர்களா? நாம் செய்யாததா?

பதினெட்டு நிறைந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு இல்லத்திற்கு வாருங்கள். 6-ஆம் எண் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த தெரு இந்து, இஸ்லாமிய நண்பர்களையும் அழைத்து வாருங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஒரு புகைப்படம் மறக்க வேண்டாம்.