கன்னம் வைக்கும் திருடனும் கைப்பேசியும்

(திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



திருவருகைக் காலத்திற்குள் நுழைந்திருக்கிறோம். முதல் மெழுகுதிரியை ஏற்றிவிட்டோம். வீட்டில் பிள்ளைகள் குடிலுக்கு வைக்கோல் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த வேளையில் மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரம் நமக்கு ஒரு திருடனைக் காட்டுகிறது. அவன் வரும் நேரம் தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் தூங்கியிருக்க மாட்டார், கன்னம் வைக்க விட்டிருக்கவும் மாட்டார் என்கிறார் ஆண்டவர்.

அன்றைய திருடன் மண்சுவரில் கன்னம் வைத்தான். இன்று அவன் நம் கையிலிருக்கும் கைப்பேசி வழியாக வருகிறான். அவனுக்குப் பிடித்த காலம் பண்டிகைக் காலம். போனஸ் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புவான். புதுத்துணியும் பார்சலும் வரவிருக்கும். கொடுக்கும் மனமும் அப்போதுதான் நம்மிடம் அதிகமாக இருக்கும்.

ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறோம். கணவரை இழந்த தாய் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பங்குத்தந்தையின் படம் இருந்தது. எண் மட்டும் புதியது. "ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது. ஓர் ஏழைக் குழந்தைக்கு அவசர அறுவைச் சிகிச்சை. யாரிடமும் சொல்ல வேண்டாம், மாலையில் திருப்பித் தருகிறேன்." கிறிஸ்துமஸுக்கு மகன் அனுப்பியிருந்த 15,000 ரூபாயை அந்தத் தாய் உடனே அனுப்பிவிட்டார். ஏமாந்தது தெரிந்ததும் மகனிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கோவிலுக்கும் வரவில்லை. பணம் போன வேதனையைவிட, "படிக்காதவள், அதான் ஏமாந்தாள்" என்று ஊர் சொல்லுமே என்ற வெட்கம்தான் அவரை வீட்டுக்குள் பூட்டி வைத்தது.

திருடன் பயன்படுத்திய ஆயுதங்களைக் கவனியுங்கள். ஒன்று அவசரம், மற்றொன்று இரகசியம். "இன்றே செலுத்தாவிட்டால் பார்சல் திரும்பிவிடும்" என்பான். "வெளிநாட்டுப் பரிசு சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்டுங்கள்" என்பான். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, "டிஜிட்டல் கைது செய்துவிட்டோம், அறையைவிட்டு வெளியே போகக்கூடாது, வீட்டாரிடம் பேசக்கூடாது" என்று மிரட்டுவான். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. நம்மைச் சிந்திக்க விடக்கூடாது, யாரையும் கலந்துபேச விடக்கூடாது: இவ்வளவுதான் அவன் வித்தை.

திருவருகைக் காலமோ நமக்குக் காத்திருக்கக் கற்றுத் தருகிறது. பணம் கேட்டு யார் அழைத்தாலும் பத்து நிமிடம் காத்திருப்போம். உண்மையான தேவை பத்து நிமிடத்தில் ஓடிவிடாது, பொய்தான் ஓடிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில், நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் அதே ஆளை அழைத்துப் பேசுவோம். சாமியார் பெயரில் கேட்டால் பங்கு இல்லத்திற்கு நடந்தே போய்க் கேட்போம். எந்தக் குருவும் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

இன்னும் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். யுபிஐயில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டாலே நம் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். ஓடிபி எண்ணை வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் சொல்லக் கூடாது. வாழ்த்து அட்டை, அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்து நிறுவினால், நம் கைப்பேசியே திருடன் கைக்குப் போய்விடலாம். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் சொன்னால் அதை முடக்கி வைக்க வழியுண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைக்கிற நேரமெல்லாம் திருடனுக்கு நாம் கொடுக்கிற நேரம்.

அன்பானவர்களே, தம் ஆடுகள் தம் குரலை அறியும் என்றார் நல்ல ஆயர். இன்று குரலையே போலியாக உருவாக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் ஆடுகள் ஆயரின் குரலை எப்படி அறிந்தன? நாள்தோறும் கேட்டுப் பழகியதால்தானே! பெற்றோரிடம் நாம் கடைசியாகப் பேசியது எப்போது? பிள்ளையின் குரலுக்காக ஏங்கிக் கிடக்கும் முதியவரிடம், "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று முதலில் கேட்பவன் திருடனாக இருந்தால், குற்றம் அவர்களுடையது மட்டும்தானா?

"விழித்திருங்கள்" என்று ஆண்டவர் எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னார். நாமும் சேர்ந்தே விழித்திருப்போம். இளையோரே, இந்த வாரம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு முதியவர் வீட்டுக்குப் போங்கள். பொறுமையாக இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று? அன்பியக் கூட்டத்தில் வேறொரு பெண், "எனக்கும் அதே செய்தி வந்தது, நானும் 2,000 ரூபாய் போட்டேன்" என்று வெளிப்படையாகச் சொன்ன செய்தி அவர் காதுக்கு எட்டியது. அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வந்தார். பணம் திரும்பவில்லை, அவர் திரும்பி வந்தார். ஏழைக் குழந்தை என்று நம்பி அவர் கொடுத்த கொடையை இறைவன் ஏமாற்றமாக எண்ண மாட்டார். ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரிக்காதிருப்போம். நல்ல மனம் உடையவரைத்தான் அந்தத் திருடன் தேடி வந்தான்.

நம் வீடுகளையும் உள்ளங்களையும் இறைவன் காத்தருள்வாராக. வரவிருக்கும் பாலன் இயேசுவை விழிப்போடும் மகிழ்வோடும் வரவேற்போம். ஆமென்.